வட்டம் போடச் சொன்ன இடம்

தாளில் வரைந்திருந்த ஆளுக்கு முகம் இல்லை. முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று இரண்டு உருவங்கள், துணிமணி இல்லாமல், கைகளைக் கொஞ்சம் அகட்டி வைத்துக்கொண்டு நின்றன. "எங்க வலிக்குதோ அங்க ஒரு வட்டம் போட்டுருங்கய்யா. கீழ நாலே நாலு கேள்விதான், அதுக்கும் எழுதிக் குடுத்துருங்க. பதினொன்றரைக்குக் கூப்புட்டுருவாங்க" என்று சொல்லிப் பேனாவையும் கொடுத்துவிட்டு மேசையிலிருந்த பெண் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். சென்னியப்பன் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து ஐம்பது. இன்னும் நாற்பது நிமிஷம். சிங்காநல்லூரில் எடுத்தால் காந்திபுரம் வந்து சேருகிற நேரம். இருபத்தெட்டு வருஷமாக டவுன் பஸ் ஓட்டுகிறவருக்கு நேரத்தை அப்படித்தான் அளக்கத் தெரியும். பேனாவைப் பின்பக்கத்து உருவத்தின் இடுப்புக்கு மேலே கொண்டுபோனார். வட்டம் போடவில்லை. இடது பக்கமாக, ஒரு சட்டைப் பொத்தான் அளவு இடம்தான். கண்ணை மூடிக்கொண்டு காட்டச் சொன்னாலும் காட்டுவார். ஆனால் வட்டம் போட்டுவிட்டால் போட்டதுதான். பிறகு யாரோ ஒருவர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, இங்கே என்ன ஆச்சு என்று கேட்பார். கேட்கட்டும், பஸ் என்று சொல்லிக்கொள்ளலாம். எல்லோரும் பஸ் என்றுதான் நினைக்கிறார்கள். எதிர்ச் சுவரில் பெரிய டிவி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதில் இந்த டாக்டரே ஒவ்வொருவராகப் படுக்க வைத்து, தலையை இரண்டு கையாலும் தாங்கி, ஊர் எது, எத்தனை பிள்ளைகள் என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே சட்டென்று ஒரு திருப்புத் திருப்பினார். டக். காலரில் மைக் குத்தியிருப்பார்கள் போலிருக்கிறது, காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி அவ்வளவு தெளிவாகக் கேட்டது. படுத்திருந்தவர் முதலில் மிரண்டு, பிறகு சிரித்தார். சென்னியப்பன் டிவியிலிருந்து பார்வையை எடுத்தார். மகள் சுகந்தி போனில் அனுப்பியிருந்த வீடியோவும் இதே மாதிரிதான். அதை அவர் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தார். அந்தச் சத்தம் மட்டும் அவருக்கு ஆகாது. ஏன் ஆகாது என்று சுகந்திக்குத் தெரியாது.

"கைரோபிராக்டருன்னு சொல்லுவாங்கப்பா" என்றாள் போன வாரம், ஓசூரிலிருந்து. "ஊசி இல்ல, மாத்திரை இல்ல, கையாலயே நெட்டி எடுத்துச் சரி பண்ணீருவாங்க. நானே புக் பண்ணீட்டேன். வெள்ளிக்கிழமை பதினொன்றரை. நீங்க போகலீன்னா நான் கெளம்பி வந்துருவேன்."

"நீ வர வேண்டாஞ் சாமி. நான் போறேன்."

போறேன் என்று சொல்வது சுலபமாக இருந்தது. வந்து உட்காருவதுகூடச் சுலபம்தான். உள்ளே போவதுதான். போகாமலும் இருக்க முடியாது, ஏனென்றால் இது இப்போது அவர் முதுகோடு நிற்கவில்லை, இடது காலுக்கு இறங்கிவிட்டது. தைப்பூசம் கழிந்த திங்கட்கிழமை, லட்சுமி மில் சிக்னலில் பச்சை விழுந்து கிளட்சை மிதிக்கப்போனால் கால் இருக்கிற இடமே தெரியவில்லை. கால் இருந்தது, குனிந்து பார்த்தால் செருப்போடு அங்கேதான் இருந்தது, ஆனால் யாருடைய காலோ மாதிரி இருந்தது. வண்டி இரண்டு குதி குதித்து ஆஃப் ஆகிவிட்டது. உள்ளே நின்றுகொண்டிருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள், மாத்திரைக் கவரைக் கையில் பிடித்திருந்த ஒரு வயசான அம்மா படிக்கட்டுக் கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்டாள். கண்டக்டர் ஜோதிமணி முன்னால் வந்து, "என்னண்ணா ஆச்சு?" என்றான். கிளட்ச் பிளேட் என்று சொன்னார். நாக்கு தானாகச் சொன்னது. பொய் சொல்வது இப்போதெல்லாம் அவருக்கு யோசிக்காமலே வருகிறது. முன்பெல்லாம் அப்படி இல்லை. அந்த அம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, பரவால்லீங்க பரவால்லீங்க என்றாள், அவர்தான் அடிபட்ட மாதிரி. அன்றிலிருந்து ஒவ்வொரு சிக்னலிலும் காலை ஒரு தடவை தட்டிப் பார்த்துக்கொள்கிறார். அறுபது எழுபது பேர் பின்னால் நிற்கிறார்கள். யாருக்கும் தெரியாது, முன்னால் உட்கார்ந்திருக்கிறவன் தன் காலைத் தேடிக்கொண்டிருக்கிறான் என்று. காட்டித்தான் ஆக வேண்டும். காட்டினால் இந்த டாக்டர் கழுத்தைத் திருப்புவார், இடுப்பைத் திருப்புவார், டக் என்னும். திருப்பும்போது எசகுபிசகாக ஏதாவது ஆகிவிட்டால்? ஆகிவிட்டால் படுக்கைதான். படுக்கை என்றால் யாராவது தூக்கி உட்கார வைக்க வேண்டும், யாராவது துடைத்துவிட வேண்டும். தன்னைத் தூக்க யார் இருக்கிறார்கள் என்று யோசித்தபோது சிரிப்பு மாதிரி ஒன்று தொண்டைவரை வந்துவிட்டு இறங்கிப்போனது. அது இல்லை பயம். கழுத்துத் திரும்பிவிடும் என்பது இல்லை. அதை பயம் என்று வெளியே சொல்லிக்கொள்ளலாம், கௌரவமான பயம், யாரும் ஒத்துக்கொள்வார்கள்.

முதல் கேள்வி, தொழில். ஓட்டுநர் என்று எழுதினார். எழுத்து ஒழுங்காக வந்தது. இரண்டாவது, வலி எவ்வளவு நாட்களாக இருக்கிறது. அதை விட்டுவிட்டு மூன்றாவதைப் படித்தார். எப்படித் தொடங்கியது, பாரம் ஏதேனும் தூக்கினீர்களா. பாரம். பேனா முனை அந்தச் சொல்லுக்குக் கீழே ஒரு புள்ளி வைத்து அங்கேயே நின்றுவிட்டது. பாரம் என்று யாரை எழுதுவது? மனைவி மயிலாத்தாள் ஐம்பத்தொன்பது கிலோ இருந்தாள், பக்கவாதம் வந்த வருஷம். படுக்கையிலேயே இருந்து இருந்து, நாலாவது வருஷத்தில் அறுபத்தாறு. ஆஸ்பத்திரியில் சொன்னபோதுதான் தெரியும். அதுவரை அவளை அவர் கிலோவில் நினைத்துப் பார்த்ததில்லை. வலது கையும் வலது காலும் விழுந்து, வாயும் விழுந்து, பேச்சில் ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிச்சமாக வீட்டுக்கு வந்தாள். போலாம். எத்தனையோ வார்த்தை இருக்க இது எப்படித் தங்கியது என்று டாக்டருக்கே தெரியவில்லை. சிலருக்கு அப்படித்தான் ஒன்று நின்றுபோகும், அவர்கள் வேண்டுமென்று சொல்வதில்லை, வேறு எதையோ சொல்ல வந்து அதுதான் வெளியே வரும் என்றார். தண்ணீர் வேண்டுமென்றாலும் போலாம், வேண்டாமென்றாலும் போலாம், சுகந்தி வந்துவிட்டுத் திரும்பினால் அழுதுகொண்டே போலாம் போலாம். பகலெல்லாம் ஜோதிமணி படிக்கட்டிலிருந்து போலாம் என்று கத்த வண்டியை எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்தால் இவள் போலாம். முதல் இரண்டு வருஷம் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். அவளும்தான் சிரித்தாள், பாதி வாயால். அவளைத் தூக்குவதற்கு ஆஸ்பத்திரியில் ஒரு பெண் சொல்லிக்கொடுத்தாள்: முட்டியை மடக்குங்க, இடுப்பை மடக்காதீங்க, அவங்க கை உங்க தோள் மேல, உங்க கை அவங்க முதுகுக்குப் பின்னால, ஒண்ணு ரெண்டு மூணு. தினமும் ஆறு தடவை. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து பாத்ரூம் ஸ்டூலுக்கு, திரும்ப. முப்பது வருஷக் குடித்தனத்தில் பகல் வெளிச்சத்தில் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதே இல்லை. யாராவது வந்துவிடுவார்கள், சுகந்தி பார்த்துவிடுவாள், அப்படியே போய்விட்டது. இப்போது ஒரு நாளைக்கு ஆறு தடவை. தலையில் தேங்காய் எண்ணெய், கழுத்தில் பவுடர், அதற்கெல்லாம் அடியில் மூத்திர வாசம் லேசாக. அவள் தாடை அவர் தோளில் இருக்கும். தூக்கி நிறுத்தி அவள் நிலைப்படுகிறவரை ஒரு நிமிஷம் அப்படியே நிற்பார்கள், அந்த ஒரு நிமிஷத்தில் அவளுடைய நல்ல கை, இடது கை, அவர் முதுகில் தட்டிக்கொடுக்கும். குழந்தையைத் தட்டுகிற மாதிரி. தூக்குகிறவன் இவன், தட்டிக்கொடுக்கிறவள் அவள். வலி வந்தது அந்த இடத்தில்தான்.

பக்கத்தில் ஒரு முனகல். சென்னியப்பன் பாதி எழுந்துவிட்டார். அவருக்கு முன்னால் அவர் தொடைகள் எழுந்துவிட்டன, கைகள் நீண்டுவிட்டன. எதிர் நாற்காலியிலிருந்து ஒரு அம்மா எழுந்திருக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கணவர் ஏற்கெனவே அவள் கைப்பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு முழங்கையைப் பிடித்திருந்தார். "மெதுவா, மெதுவா. அதென்ன அவசரம்? டாக்டர் எங்க போயிரப்போறாரு?" என்றார். "நீங்க சும்மா இருங்க, நானே எந்திரிச்சுக்குவேன்" என்று அவள் சிடுசிடுத்தாள், ஆனால் கையை விடச் சொல்லவில்லை. இரண்டு பேரும் உள்ளே போனார்கள். சென்னியப்பன் மறுபடி உட்கார்ந்தார். மேசைப் பெண் பார்த்திருப்பாளோ? அவளைக் கடைசியாகத் தூக்கி ஆறு மாதமாகிறது, இன்னும் யார் முனகினாலும் உடம்பு எழுந்துகொள்கிறது. அடுத்த வீட்டில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டால் எழுந்துகொள்கிறது. முதுகு வலி தொடங்கியபோதே காட்டியிருக்க வேண்டும். ஜோதிமணி சொன்னான், சுகந்தி சொன்னாள், முதுகில் தேய்க்க எண்ணெய் கொடுத்த மருந்துக்கடைக்காரர்கூடச் சொன்னார், ஒரு படம் எடுத்துப் பாத்துருங்கண்ணா. போகவில்லை. போனால் என்ன சொல்வார்கள் என்று தெரியும்: ஒரு மாதத்துக்குப் பாரம் தூக்கக் கூடாது. அப்புறம் அவளை யார் தூக்குவது? பகலில் பார்த்துக்கொள்ள நாச்சம்மாள் வருவாள்தான், ஆனால் அவள் ஒல்லிக்குச்சி, நகர்த்துவாள், துடைப்பாள், ஊட்டுவாள், தூக்க முடியாது. அதனால் போகவில்லை. அவளுக்காகத்தான் போகவில்லை. அப்படித்தான் அவர் தனக்குத்தானே சொல்லி வைத்திருக்கிறார். இப்போது தூக்குவதற்கு அவள் இல்லை, வசதியாகப் போய்விட்டது, ஒரு மாதமென்ன ஒரு வருஷம் பாரம் தூக்காதே என்று சொன்னாலும் சரீங்க என்று சொல்லிவிட்டு வரலாம். யாருக்காக இந்த முதுகு சரியாக வேண்டும்? பஸ்ஸுக்காக. சரி, பஸ்ஸுக்காக. டிவியில் மறுபடியும் டக்.

ஆடி மாசத்துச் சனிக்கிழமை. முதல் ஷிப்ட் முடிந்து ஒன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்தார். நாச்சம்மாள் சோறூட்டி முடித்துக் கிளம்பிவிட்டாள். மயிலு நாற்காலியில் இருந்தாள். காற்று சுற்றிச் சுற்றி அடித்து ஜன்னல் கதவு படார் படார் என்றது. அவள் போலாம் என்றாள். தண்ணீர் கொடுத்தார். போலாம். ஜன்னலைச் சாத்தினார். போலாம். ஃபேனைப் போட்டார், நிறுத்தினார். போலாம் போலாம் போலாம். அவருக்குக் காலையிலிருந்து தலைவலி. உக்கடத்தில் ஒரு பைக்குக்காரனோடு வாய்ச்சண்டை, அவன் அம்மாவை இழுத்துத் திட்டியது காதிலேயே நின்றிருந்தது. பிறகுதான் பார்த்தார், சேலை நனைந்திருந்தது, அதைத்தான் சொல்லியிருக்கிறாள். அரை மணி நேரமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அது தெரிந்ததும் பாவம் என்று வந்திருக்க வேண்டும். வரவில்லை. "எங்கடீ போறது? ரெண்டு பேருமாப் போய்த் தொலைஞ்சிரலாமா?" என்று கத்தினார். முட்டியை மடக்கவில்லை. ஒண்ணு ரெண்டு மூணு சொல்லவில்லை. அக்குளுக்கடியில் கையைக் கொடுத்து ஒரே தூக்காகத் தூக்கினார். நாற்காலிக்கும் கட்டிலுக்கும் நடுவே, பாதி திரும்பும்போது, இடுப்புக்கு மேலே இடது பக்கத்தில் சுளீரென்று ஒன்று. கை விட்டுவிட்டது. அவ்வளவுதான். அவள் தரையில். டக். சின்னச் சத்தம். இவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அவ்வளவு சின்னச் சத்தம். இடுப்பு எலும்பு. இதில் ஒரு இடம் இருக்கிறது, அங்கே வந்தால் நினைப்பு சிக்கிக்கொள்கிறது, ஆறு மாதமாக அங்கேதான் சிக்கிக்கொண்டிருக்கிறது. சுளீர் என்றது முந்தியா, கை விட்டது முந்தியா? சுளீர் என்றதால் கை விட்டதா? அல்லது கை விட்டதில் பாரம் ஒரு பக்கமாக இழுத்து அதனால் சுளீர் என்றதா? ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்துவிட்டார். சில நாள் முதுகுதான் முந்தி என்று தெளிவாகத் தெரியும், அன்றைக்குச் சோறு இறங்கும். சில நாள் கைதான். அந்த நாட்களில் தன் இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் பார்க்கும்போது அவை யாருடைய கைகள் என்று இருக்கும். கோபம் இருந்தது. கோபம் இருந்ததை அவரால் இல்லை என்று சொல்ல முடியாது. கோபம் உள்ளங்கைவரை இருந்தது. இதுதான் அந்த பயம். கழுத்தைத் திருப்புவதெல்லாம் இல்லை. உள்ளே போனதும் அந்த டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒண்ணுமில்லீங்க, வெறும் தசைப்பிடிப்பு, எலும்பெல்லாம் கல்லு மாதிரி இருக்குது என்று சொல்லிவிட்டால்? எல்லோரும் கேட்க ஆசைப்படுகிற வார்த்தை. அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு எப்படிப் போவது? முதுகு நிஜமாகவே போயிருக்க வேண்டும். நன்றாகப் போயிருக்க வேண்டும். கால் மரத்தபோது, அந்த அம்மா கம்பியில் இடித்துக்கொண்டபோதுகூட, உள்ளுக்குள் ஒரு மூலையில், சரி, நிஜமான வலிதான் என்று ஒரு நிம்மதி வந்துபோனதே, அதை யாரிடம் சொல்வது?

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள், நனைந்த சேலையை மாற்றுவதற்குள், என்ன சொல்வது என்று அவர் முடிவு செய்துவிட்டிருந்தார். முடிவு செய்ததாகக்கூட ஞாபகம் இல்லை. சுகந்திக்குப் போன் போட்டதும் வாய் சொன்னது: நான் குளிக்கப் போயிருந்தேன் சாமி, கட்டில்ல இருந்து உருண்டு உளுந்துட்டா, பக்கத்துக் கம்பிய மாட்டாம உட்டுருக்குது. யார் மாட்டாமல் விட்டது என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. சுகந்தியே நாச்சம்மாளைக் கூப்பிட்டு, நீ எல்லாம் ஒரு பொம்பளையா, எங்கம்மாவக் கொன்னுட்டியே என்று அலறினாளாம். மூன்று வருஷம் மயிலுவுக்குத் தலை சீவி, நகம் வெட்டி, ஒரு புண் வராமல் புரட்டிப் புரட்டிப் படுக்கவைத்தவள். அறுவை சிகிச்சை முடிந்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து வார்டு வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை. "ஏனுங்கண்ணா, நான் போறப்ப அக்கா நாற்காலியிலதானுங்க இருந்துச்சு" என்றாள். சண்டைக்கு வந்த குரலில்லை. தன் ஞாபகம்தான் தப்போ என்று கேட்கிற குரல். அவர் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்தார். சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. பதினேழு சொட்டுவரை எண்ணினார். கட்டிலிலிருந்து மயிலு அவரைப் பார்த்தாள், நாச்சம்மாளைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள். பார்த்தவளுக்கு எல்லாம் தெரியும். விழுந்தவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? வாயைத் திறந்தாள். முகமெல்லாம் சிவந்து, கழுத்து நரம்பு புடைக்க, எங்கிருந்தோ ஒன்றை இழுத்துக் கொண்டுவந்து, "போலாம்" என்றாள். தன்னைத்தான் போகச் சொல்கிறாள் என்று நினைத்து நாச்சம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள். மயிலு என்ன சொல்ல வந்தாள்? இவன்தான் போட்டான் என்றா? போனால் போகுது விடுங்க என்றா? வீட்டுக்குப் போலாம் என்றா? நாற்பது நாள் அதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்து, நெஞ்சில் சளி கட்டி, ஆவணி கடைசியில் போய்விட்டாள். என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாமலே போய்விட்டது. அவள் அவரை மன்னித்திருந்தாலும் அந்த மன்னிப்பும் அந்த ஒரே வார்த்தையில்தான் வந்திருக்கும், மன்னிக்காமல் இருந்தாலும் அதே வார்த்தைதான்.

பதினொன்று இருபது. தாளில் தொழில் என்ற ஒரு வரி மட்டும் நிரம்பியிருந்தது. சென்னியப்பன் எழுந்தார். தாளையும் பேனாவையும் நாற்காலியிலேயே வைத்தார். இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். டெப்போவில் எழுதிக் கொடுத்துவிட்டு ஆபீஸ் வேலை கேட்கலாம். ஓட்டவேண்டியதில்லை, காட்டவும் வேண்டியதில்லை. இது ஏன் முன்னாலேயே தோன்றவில்லை என்று ஆச்சரியமாக இருந்தது. வாசலுக்கு வந்தார். செருப்பு அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. குனிந்தார். குனிந்தவரால் நிமிர முடியவில்லை. சுளீர் என்று அதே இடம், இடது கால் முழுக்க ஐஸ் தண்ணீர் இறங்குகிற மாதிரி. ஒரு கையில் செருப்போடு, மறு கையால் அலமாரியைப் பிடித்துக்கொண்டு, அப்படியே நின்றார். கண்ணுக்கு நேரே யாரோ ஒருவருடைய ஷூ. அந்த நேரத்திலும், குனிந்தபடியே, அவர் கையைத்தான் பார்த்தார். வலி உயிரை எடுக்கிறது, கை செருப்பை விடவில்லை. விரல்கள் வாரை இறுக்கிப் பிடித்தபடியே இருந்தன. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஐயா! ஐயோ, என்னாச்சுங்கய்யா?" என்று மேசைப் பெண் ஓடிவந்தாள்.

உள்ளே மேசை மாதிரி உயரமான ஒரு கட்டில். முகம் வைக்கிற இடத்தில் ஓட்டை. மேசைப் பெண்ணும் டாக்டருமாகத் தாங்கிக் கொண்டுவந்து குப்புறப் படுக்க வைத்தார்கள். தன்னை இரண்டு பேர் தூக்குவது அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஓட்டை வழியாகத் தரை தெரிந்தது, வெள்ளை டைல்ஸ், டாக்டருடைய ஷூவின் நுனி. டாக்டருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். "பயப்படாதீங்க, இப்ப எதும் பண்ணப்போறதில்ல, தொட்டுத்தான் பாக்கறேன்" என்றார். கழுத்திலிருந்து விரல்கள் ஒவ்வொரு எலும்பாக இறங்கி வந்தன. ஆறு மாதத்தில் அவர் முதுகை யாரும் தொட்டதில்லை. இறங்கி வந்த விரல்கள் அந்த இடத்தில் வந்து நின்றன. வட்டம் போடாமலே கண்டுபிடித்துவிட்டன.

"இங்கதானுங்களா?"

"ஆமாங்க."

"கால் மரத்துப்போகுதா?"

"போகுதுங்க. கிளட்ச் தெரியறதில்ல."

"அப்படீன்னா நான் இப்ப கை வைக்கக் கூடாதுங்க. முதல்ல ஸ்கேன் எடுத்துட்டு நரம்பு டாக்டரைப் பாருங்க. அதுவரைக்கும் வண்டி ஓட்டாதீங்க. இது ஒரு நாள்ல வந்ததில்ல, ரொம்ப நாளா இழுத்துட்டு வந்திருக்கீங்க. பாரம் எதாச்சும் தூக்கினீங்களா?"

முகம் ஓட்டைக்குள் இருந்தது. யாரும் பார்க்க முடியாது. "என்ற சம்சாரத்தத் தூக்குனனுங்க" என்றார் தரையைப் பார்த்து. "நாலு வருஷமா. கடைசியா ஒரு நாள் கீழ போட்டுட்டேன்." கண்ணிலிருந்து விழுந்தது கன்னத்தைத் தொடாமல் நேராக டைல்ஸில் விழுந்தது. ஷூ நுனி நகரவில்லை. சென்னியப்பனே கேட்டார், "ஒண்ணு கேக்கறனுங்க, நீங்க நெசமாச் சொல்லோணும். வலி புடிச்சுதுன்னா கை தானா உட்டுருமுங்களா?"

டாக்டர் முதுகிலிருந்து கையை எடுத்தார். "உட்டுரலாம். உடாமயும் இருக்கலாம். ஆளுக்கு ஆளு, நேரத்துக்கு நேரம் மாறும். உங்களுக்கு அன்னிக்கு எதுன்னு எனக்குச் சொல்லத் தெரியலீங்க."

"ஸ்கேன்ல தெரியுமுங்களா?"

"அது தெரியாதுங்க."

தெரியாது. சென்னியப்பன் அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டு படுத்திருந்தார். ஸ்கேனில் தெரியாது, டாக்டருக்குத் தெரியாது, தெரிந்தவளுக்கு வாயில்லை, இப்போது ஆளே இல்லை. இனிமேல் யாரும் வந்து சொல்லப்போவதில்லை. முதுகு முந்தியா கை முந்தியா என்று சாகிறவரை ஓட்டிப் பார்த்தாலும் அங்கேயேதான் சிக்கும். ஆனால் நாற்காலியா கட்டிலா என்பதில் சிக்கல் எதுவும் இல்லை. அது நன்றாகத் தெரியும். அது எப்போதுமே தெரியும். கம்பி, குளியல், உருண்டு விழுந்தது, அதெல்லாம் முதுகு செய்ததில்லை.

மெல்ல ஒருக்களித்து எழுந்து உட்கார்ந்தார். டாக்டர் தோளைத் தாங்கினார். "ஒரு போன் பண்ணிக்கறனுங்க" என்றார். டாக்டர் தலையசைத்துவிட்டு, சீட்டு எழுத வெளி அறைக்குப் போனார். கதவு தானாக மூடிக்கொண்டது.

"அப்பா, முடிஞ்சுதா? நெட்டி எடுத்தாங்களா? வலி கொறஞ்சிருக்குதா?" சுகந்தியின் குரலுக்குப் பின்னால் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

"இல்ல சாமி. ஸ்கேன் எடுக்கோணுமாம். அது கெடக்கட்டும். நாச்சம்மா நம்பர் உங்கிட்ட இருக்குதா? எங்கிட்ட இருந்தத அழிச்சுப்போட்டேன்."

"அவ நம்பர் எதுக்குப்பா இப்ப? அவளால தானே அம்மா..."

"அவளால இல்ல."

மிக்ஸி நின்றது.

"கட்டில்ல இருந்து உளுகல சுகந்தி. நான் குளிக்கவும் போகல. நாந்தான் தூக்குனேன்" என்றார் சென்னியப்பன். "எங்கையில இருந்துதான் உளுந்தா."